தண்ணீரை இறைத்து இறைத்தே பள்ளமான ஊர்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் வழி கேட்டால் வடக்கே போ, தெற்கே திரும்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம், ஆற்றின் மேல்புறம், கீழ்புறம், அவ்வளவுதான் அந்த ஊரில் திசை. மிசிசிப்பி ஆறு ஊரை அரிவாள் மாதிரி வளைத்துக்கொண்டு ஓடுவதால் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மேற்குக் கரை என்று பெயர் வைத்திருக்கிற பகுதிக்கே சில இடங்களிலிருந்து கிழக்கே பார்த்துப் போக வேண்டியிருக்கும். கேட்க வேடிக்கையாக இருக்கும் இந்தப் பேச்சுவழக்கில், 2005இல் கத்ரினா சூறாவளி வந்தபோது அந்த ஊருக்கு என்ன நடந்தது என்பதற்குப் பாதி விளக்கம் இருக்கிறது. ஆற்றுப் பக்கம் என்றால் மேடு. ஏரிப் பக்கம் என்றால் பள்ளம்.

ஆற்றோரம் எப்படி மேடாகும் என்று கேட்கலாம். டெல்டாவில் ஆறு வெள்ளத்தில் கரை தாண்டி வழியும்போது, தாண்டிய உடனேயே அதன் வேகம் குறைந்துவிடும். வேகம் போனால் சுமையும் இறங்கும். கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிட, மெல்லிய களிமண் மட்டும் தூரம் போய்ப் படியும். இது நூற்றாண்டுக் கணக்கில் நடந்தால் சுற்று வட்டாரத்திலேயே உயரமான இடம் ஆற்றங்கரைதான். 1718இல் பிரெஞ்சுக்காரர் பியென்வில் ஊருக்கு இடம் பார்த்தபோது தேர்ந்தெடுத்தது அந்த மேட்டைத்தான், இன்றைக்கு சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பிரெஞ்சு குவார்ட்டர் அதன்மேல்தான் நிற்கிறது. அதற்குப் பின்னால் சைப்ரஸ் மரங்கள் நிறைந்த சதுப்பு, அதையும் தாண்டினால் பான்சர்ட்ரெயின் ஏரி. பெயர்தான் ஏரி, கடலோடு தொடர்புள்ள உவர்நீர்ப் பரப்பு அது, சராசரி ஆழம் 4 மீட்டர் அளவுதான்.

கிட்டத்தட்ட 180 வருஷம் ஊர் அந்த மேட்டை விட்டு அதிகம் இறங்கவில்லை. இறங்காதவர்களும் தண்ணீரை மறக்கவில்லை. ‘ஷாட்கன் வீடு’ என்று அங்கே ஒரு வகை உண்டு: குறுகலான முகப்பு, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், முன்பக்கம் திண்ணை. அந்த வீடுகளும் மற்ற பழைய வீடுகளும் செங்கல் தூண்களின் மேல் இரண்டு மூன்று அடி தூக்கிக் கட்டப்பட்டவை. கீழே காற்று போகும், மழைக்காலத்தில் தண்ணீரும் போகும். கல்லறைகள்கூட தரைக்கு மேலேதான். பிரெஞ்சு, ஸ்பானிய வழக்கம் பாதி, தோண்டினால் தண்ணீர் ஊறும் தொல்லை பாதி. ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லறை மாடம். ஒருவரை வைத்து மூடினால் ஒரு வருஷமும் ஒரு நாளும் திறக்கக் கூடாது என்பது வழக்கம், அதற்குள் அந்த ஊர் வெயிலில் மாடம் சூளையாகக் காய்ந்து உள்ளே எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கும், அதை ஒதுக்கிவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவார்கள்.

அப்புறம் வந்தது பம்பு. ஆல்பர்ட் பால்ட்வின் வுட் என்ற உள்ளூர்ப் பொறியாளர் 1913இல் ஒரு திருகு பம்பை உருவாக்கினார். படுக்கைவாட்டில் கிடக்கும் பெரிய குழாய், அதற்குள் சுழலும் இறக்கை, குப்பைகூளம் எது வந்தாலும் அடைத்துக்கொள்ளாமல் தள்ளிவிடும். முதலில் 12 அடி விட்டம், பிறகு 14 அடி. ஒரு ஆள் அந்தக் குழாய்க்குள் நிமிர்ந்து நடக்கலாம். அவற்றில் சில நூறு வருஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தன என்பது ஆச்சரியம் என்றால், அவற்றை ஓட்ட 25 ஹெர்ட்ஸ் என்ற வழக்கொழிந்த மின்சாரத்தை நகராட்சியின் குடிநீர் வாரியமே தனியாகத் தயாரிக்க வேண்டியிருந்தது இன்னொரு ஆச்சரியம். வெளியே எங்கும் கிடைக்காத மின்சாரம்!

பம்பு வந்ததும் சதுப்பு காய்ந்தது, காய்ந்த இடம் மனையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லேக்வியூ, ஜென்டிலி போன்ற ஏரிப் பக்கப் பகுதிகளில் தூண் எதற்கு என்று தரையோடு தரையாகக் கான்கிரீட் தளம் போட்டு வீடு கட்டினார்கள். பாட்டன்கள் தூக்கிக் கட்டியதன் காரணம் ஒரே தலைமுறையில் மறந்துபோனது.

இங்கேதான் மண் தன் வேலையைக் காட்டியது. சதுப்பு மண் என்பது பாதிக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி மக்காத இலைதழை. பீட் என்று சொல்வார்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை ஆக்சிஜன் கிடைக்காததால் அது அழுகாது, ஆயிரம் வருஷமானாலும் அப்படியே கிடக்கும். தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் இரண்டு காரியம் நடக்கும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் காய்ந்து சுருங்குகிற மாதிரி மண் சுருங்கும், அதோடு காற்று உள்ளே நுழைந்து நுண்ணுயிரிகள் இலைதழையைத் தின்ன ஆரம்பிக்கும், அதாவது மண்ணின் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் போய்விடும். ஆவியாகிப் போன மண்ணைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. நிலம் இறங்கியது. இறங்கியதால் மழைத்தண்ணீர் இன்னும் தேங்கியது, தேங்கியதால் இன்னும் இறைத்தார்கள், இறைத்ததால் இன்னும் இறங்கியது. முன்பு கடல் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த ஊரில் ஏறக்குறைய பாதி இன்று கடல் மட்டத்துக்குக் கீழே. சில இடங்கள் 2 மீட்டருக்கும் கீழே.

கிண்ணமாகிவிட்ட ஊரிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டுமென்றால் மேலே ஏற்றித்தான் ஏரிக்குள் விட வேண்டும். அதற்காக நடு ஊரிலிருந்து ஏரி வரை நீண்ட வடிகால் கால்வாய்கள் ஓடின, இரு பக்கமும் மண்கரை, அதன்மேல் கான்கிரீட் சுவர். ஏரி முனையில் மூடுவதற்குக் கதவு கிடையாது. சாதாரண நாளில் ஊர்த்தண்ணீர் ஏரிக்குப் போகும் வழி. புயல் நாளில் ஏரி ஊருக்குள் வரும் வழி.

கத்ரினா 2005 ஆகஸ்ட் 28 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மணிக்கு 280 கிலோமீட்டர் காற்றோடு ஐந்தாம் வகைச் சூறாவளியாக, அதாவது உச்ச வகையாக, இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை லூசியானாவின் பியூராஸ் அருகே கரையேறியபோது மூன்றாம் வகையாகக் குறைந்துவிட்டது. காற்று குறைந்தால் ஆபத்தும் குறைந்தது என்று நினைப்பது தவறு, ஏனென்றால் வளைகுடாவில் ஏற்கெனவே கிளப்பிவிட்ட தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. புயல் அலை என்பது பெயரில்தான் அலை, உண்மையில் கடல் மொத்தமாக மேடேறி வருவது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கத்ரினாவின் மையத்தில் 920 மில்லிபார், ஆகவே அழுத்தத்தால் மட்டும் 90 சென்டிமீட்டர் வரலாம். மீதியெல்லாம் காற்று தள்ளியது. ஆழமான கடலில் தள்ளப்படும் தண்ணீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும், ஆழமில்லாத கரையில் திரும்ப இடமில்லை, குவிந்துகொண்டே போகும். பக்கத்து மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ் கிறிஸ்டியனில் 8 மீட்டருக்கும் மேல் குவிந்தது.

புயலின் கண் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிழக்கே கடந்து போனது. ஊர் தப்பியது என்று முதலில் பேசிக்கொண்டார்கள். ஆனால் வடகோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், கண் கிழக்கே போனபோது ஊர்மேல் வீசியது வடக்குக் காற்று. வடக்கே இருப்பது ஏரி. அந்தக் காற்று ஏரியைத் தெற்குக் கரைக்கு, அதாவது ஊரின் பக்கம், சாய்த்தது. தண்ணீர் திறந்த வாய் வழியாகக் கால்வாய்களில் ஏறியது.

17ஆம் தெருக் கால்வாயின் சுவர் உடைந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தண்ணீர் சுவரைத் தாண்டி வழியவே இல்லை, உச்சியைத் தொட இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் பாக்கி இருந்தது. தண்ணீர் அழுத்தியதில் சுவர் இம்மி வெளிப்பக்கம் சாய, சுவருக்கும் கால்வாய்ப் பக்கத்து மண்ணுக்கும் நடுவே ஒரு விரிசல் விழுந்தது. அந்த விரிசலுக்குள் தண்ணீர் இறங்கியது. அதுவரை சுவரின் மேல்பகுதியை மட்டும் தள்ளிய தண்ணீர் இப்போது மண்ணுக்குள் புதைந்திருந்த இரும்புத் தகட்டின் கால்வரை முழு ஆழத்துக்கும் தள்ளியது. சுவருக்கு முட்டுக் கொடுக்க எஞ்சியது வெளிப்பக்க மண்கரை மட்டுமே, அதன் கீழே குழைந்த களிமண்ணும் பீட்டும். சுவரும் கரையும் ஒரே கட்டியாக ஏறக்குறைய 14 மீட்டர் வழுக்கிப் போயின. லண்டன் அவென்யூ கால்வாயில் கதை வேறு, அங்கே கீழே இருந்தது மணல், தண்ணீர் அடிவழியாகக் கசிந்து கரையின் காலை வாரிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் சொல்வோமே, இதற்குப் பொருந்துவது மாதிரி வேறெதற்கும் பொருந்தாது.

கிழக்கே லோயர் நைன்த் வார்டில் சுவர் உடைந்தபோது வந்தது தேங்கும் வெள்ளம் இல்லை, வீடுகளைத் தூணிலிருந்து பிடுங்கிப் போட்ட வெள்ளம். ராக் அண்ட் ரோல் இசைக்கு அடிக்கல் போட்டவர்களில் ஒருவரான ஃபேட்ஸ் டோமினோ அந்தப் பகுதியில்தான் குடியிருந்தார். இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்திருக்க, படகில் மீட்கப்பட்டார். ஊரில் 80 சதவீதம் மூழ்கியது. பம்பு நிலையங்களும் மூழ்கின. அந்தக் கிண்ண நிலத்தில் இயற்கையாக வடியும் வழி எதுவும் இல்லாததால் தண்ணீர் தானாகப் போகாது, கடைசி நீரை இறைத்து முடிக்க அக்டோபர் 11 ஆனது. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி, புயலால் எல்லா மாநிலங்களிலும் சேர்த்து 1,392 பேர் உயிரிழந்தார்கள். கால்வாய்ச் சுவர்களைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படை, வடிவமைப்பில் கோளாறு என்று 2006இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு என்ன, வெள்ளத் தடுப்பு வேலைகளுக்காக அரசைப் பொறுப்பாக்க முடியாது என்கிற 1928ஆம் வருஷத்துச் சட்டம் அதைக் காப்பாற்றிவிட்டது.

புயல் கரையேறியது திங்கட்கிழமை என்றேன். அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். ஒரு காலத்தில் அது துணி துவைக்கும் நாள், ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் மிஞ்சிய பன்றி எலும்பைப் பீன்ஸோடு அடுப்பில் போட்டுவிட்டால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், அதுபாட்டுக்கு வேகும். ஊர் காலியான அந்தத் திங்கட்கிழமையிலிருந்து வீடு வீடாகக் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்ததெல்லாம் மின்சாரமில்லாமல் வாரக்கணக்கில் அழுகியது. திரும்பி வந்தவர்கள் அதைத் திறக்கவே இல்லை. டேப் ஒட்டித் தெருவில் தள்ளினார்கள், சிலர் அதன்மேல் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்து எழுதியும் வைத்தார்கள். கதவுகளில் மீட்புக் குழுவினர் ஸ்ப்ரே பெயின்ட்டில் போட்ட பெருக்கல் குறி: மேலே தேதி, இடப்பக்கம் குழுவின் பெயர், வலப்பக்கம் ஆபத்து ஏதும் உண்டா, கீழே உள்ளே கிடைத்தவர்களின் எண்ணிக்கை. வீட்டைப் புதுப்பித்த பிறகும் அதை அழிக்காமல் விட்டவர்கள் உண்டு.

பண்பாடு எப்படி மூழ்கும் என்பதை ‘செகண்ட் லைன்’ ஊர்வலத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கறுப்பின மக்களுக்கு காப்பீடு எட்டாத 19ஆம் நூற்றாண்டில், சாவுச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் சந்தா சேர்த்த சங்கங்கள் அங்கே இருந்தன. உறுப்பினர் இறந்தால் பித்தளை வாத்தியக் குழு வரும். கல்லறை வரை மெதுவான இசை. உடலிடம் விடைபெற்ற பிறகு துள்ளல் இசை. சங்கமும் வாத்தியக்காரர்களும் முதல் வரிசை, பின்னாலேயே கைக்குட்டை வீசி ஆடிக்கொண்டு வரும் தெருசனம் இரண்டாம் வரிசை. இப்போது சாவே இல்லாமலும் வெயில் தணிந்த மாதங்களின் ஞாயிறுகளில் நாலு மணி நேரம் நடக்கிறது. இதற்கு மேடையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அந்தத் தெருவில் அந்த ஜனங்கள் குடியிருந்தால்தான் உண்டு.

அந்த ஜனங்களில் பெரும்பாலோர் குடியிருந்தது பள்ளத்தில். சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற மேட்டு ஊர் நனையவில்லை, அந்த ஊருக்கு வாசிக்கிறவர்களின் வீடு முழுகியது. 2000இல் 4,84,674 ஆக இருந்த மக்கள்தொகை 2010இல் 3,43,829. அதில் கறுப்பினத்தவர் பங்கு 67 சதவீதத்திலிருந்து 60 ஆகக் குறைந்தது. ஹூஸ்டனில் தஞ்சமடைந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்காக 560 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தார்கள். மறுவருஷம் பிப்ரவரியிலேயே மார்டி கிரா திருவிழா நடந்தது, பெயர்ந்த கூரைகளை மூடிய நீலத் தார்ப்பாயையே சிலர் வேஷமாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். இசைக்கலைஞர்களுக்கென்று அந்த ஊர் இசைக்காரர்களான ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபர்ட் மார்சாலிஸும் முன்நின்று அப்பர் நைன்த் வார்டில் ஒரு குடியிருப்பே எழுப்பினார்கள். வீடு வந்தது, ஆனால் ஒரு தெருவிலேயே மூன்று தலைமுறை இருந்த அடர்த்தியைக் கட்டித்தர முடியாது.

இப்போது கால்வாய் வாய்களில் கதவும் பெரிய பம்பும் இருக்கின்றன, கிழக்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத் தடுப்பு நிற்கிறது, மொத்தச் செலவு சுமார் 1,450 கோடி டாலர். 2021இல் அதே ஆகஸ்ட் 29 அன்று ஐடா சூறாவளி வந்தபோது கரைகள் தாங்கின. மின்சாரம்தான் ஊர் முழுக்கப் போனது. ஆனால் அந்தக் கரைகளும் அதே மண்மேல்தான் நிற்கின்றன, அவையும் மெல்ல இறங்குகின்றன, அவ்வப்போது உயர்த்த வேண்டும். வெளித் தண்ணீரைத் தடுத்தாலும் உள்ளே பெய்யும் மழைக்கு வழி அந்தப் பழைய பம்புகள்தான். 2017 ஆகஸ்டில் புயலே இல்லாத ஒரு சனிக்கிழமை மழையில் சில பம்புகள் ஓடாமல் போக, தெருக்கள் மூழ்கின. இறைப்பதைக் குறைத்து மழையை அங்கங்கே தேக்கி மண்ணுக்குள் இறக்கினால்தான் நிலம் இறங்குவது மட்டுப்படும் என்று நெதர்லாந்துப் பொறியாளர்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சுவரைவிட இதுதான் முக்கியமான வேலை. சுவர் மாதிரி நாடா வெட்டித் திறக்க இதில் ஒன்றும் இல்லாததால்தானோ என்னவோ, மெதுவாக நகர்கிறது.

ஊர்க்காரர்கள் அதுவரை தங்கள் கணக்கில் இருக்கிறார்கள். அந்த ஊர்ச் சாலைகளின் நடுவே புல் முளைத்த அகலமான திட்டு இருக்கும், ‘நியூட்ரல் கிரவுண்ட்’ என்பார்கள். சாலையைவிட கொஞ்சம் உயரம், அதில் வண்டி நிறுத்தக் கூடாது. கனமழை என்று அறிவிப்பு வந்தால் நகராட்சியே அந்தத் தடையைத் தளர்த்திவிடும், ராத்திரியோடு ராத்திரியாக அத்தனை காரும் அந்த மேட்டில் ஏறி நிற்கும்.