ஒயில் கம்பி இல்லாத எஞ்சின்: திரை காட்டும் மட்டத்தை எப்போது நம்பலாம்?

வன்னியில் எங்களிடம் பழுதுபார்க்க வரும் கார்களில் பெரும்பாலானவை யப்பானிய வாகனங்கள். அக்குவா, பிரியஸ், வெசல், வகன் ஆர் என்று எது வந்தாலும் பொனற்றைத் திறந்தவுடன் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வளையம் வைத்த ஒயில் கம்பி கண்ணில் படும். அதை இழுத்து, துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்பது எங்கள் சாரதிகளுக்குப் பழகிப்போன வேலை. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கொழும்பில் ஓடி முதிர்ந்த ஜேர்மன் கார்கள் சில கைமாறி இந்தப் பக்கம் வந்துசேர்ந்தன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏ9 வீதியால் வரும் கார்களிலும் இவ்வகையானவை உண்டு. இவற்றில் பலவற்றைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணை, இதில ஒயில் கம்பியைக் காணேல்லை” என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் ஒவ்வொரு தடவையும் சொல்லும் விடயங்களையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கம்பி காணாமற் போகவில்லை. தயாரிப்பாளரே அதை வைக்கவில்லை. பீ.எம்.டபிள்யூ நிறுவனம் 2000களின் நடுப்பகுதியிலிருந்து தனது பல எஞ்சின்களில் கம்பியைக் கைவிட்டு, மட்டத்தைத் திரையில் காட்டும் முறைக்கு மாறியது. அவுடியின் பல மாதிரிகளும் அவ்வாறே. மேர்சிடிஸ் பென்ஸ் கார்கள் சிலவற்றில் கம்பி செல்வதற்கான குழாய் இருக்கும், ஆனால் அதன் வாயில் மூடி மட்டுமே இருக்கும். அளவுக்கம்பி பணிமனையின் கருவிப் பெட்டியில் இருக்க வேண்டிய பொருள். அந்தக் குழாய்க்குள் வேறொரு வாகனத்தின் கம்பியை விட்டு அளப்பவர்களைக் கண்டிருக்கிறேன். நீளமும் குறியும் பொருந்தாத கம்பி காட்டும் அளவுக்கு எந்தப் பொருளும் இல்லை.

திரையில் தோன்றும் அளவு, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் பொருத்தப்பட்ட ஒரு சென்சரிலிருந்து வருகிறது. இதில் இரண்டு வகை பரவலாக உள்ளது. பழைய வகையில் ஒரு சிறு கம்பி இழை சூடாக்கப்பட்டு, அது மீண்டும் ஒயிலின் வெப்பநிலைக்கு ஆற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கப்படும்; இழையின் பெரும்பகுதி ஒயிலில் மூழ்கியிருந்தால் அது விரைவில் ஆறும், மட்டம் குறைந்திருந்தால் தாமதமாகும். புதிய வகையில் சென்சர் கீழிருந்து மேல்நோக்கிக் காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, அது ஒயிலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும். இரண்டும் நுட்பமானவையே. ஆனாலும் இரண்டும் சம்ப்பில் அந்தக் கணத்தில் தேங்கி நிற்கும் ஒயிலை மட்டுமே அறியும். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் ஒரு பகுதி தலைப்பகுதியிலும், பில்டரிலும், துளைவழிகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த ஒயில் சுருங்கியும் தடித்தும் இருக்கிறது. நுரை எழுந்திருந்தால் ஒலி ஒழுங்காகத் திரும்புவதில்லை. ஆகவே கணினி தனக்கு ஏற்ற நிலைமைகள் கூடிவரும்வரை காத்திருந்து, வளைவிலும் வேகமெடுப்பிலும் கிடைக்கும் அளவீடுகளை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியையே நமக்குக் காட்டுகிறது. காலையில் சாவியைத் திருப்பியவுடன் “அளவு கிடைக்கவில்லை” என்று திரை சொன்னால் அது பழுது அன்று. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியை நான் குறைசொல்ல மாட்டேன்.

இங்கேதான் ஒரு வாகனத்தில் கற்ற வழக்கத்தை இன்னொன்றில் பிரயோகிப்பது பிழையாகிறது. பீ.எம்.டபிள்யூ கார்களில் விரிவான அளவீட்டைத் தெரிவுசெய்யும்போது, எஞ்சின் இயங்கு வெப்பநிலையை அடைந்திருக்க வேண்டும், கியர் ‘பீ’ நிலையில் இருக்க வேண்டும், எஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிவு வரும், அதற்கிடையில் அக்சிலரேற்றரைத் தொடக்கூடாது. பல அவுடி மாதிரிகளிலோ சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒயில் கீழே வடிவதற்குச் சில நிமிடங்கள் விட்டு, இக்னிஷனை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் எஞ்சின் ஓட வேண்டும், மற்றதில் நிற்க வேண்டும். பழைய ஒயில் கம்பிக்காரர் “நிப்பாட்டிப்போட்டுப் பார்” என்றும், பீ.எம்.டபிள்யூ ஓட்டியவர் “ஓடவிட்டுப் பார்” என்றும் சொல்லும் அறிவுரை இரண்டுமே அவரவர் வாகனத்துக்குச் சரியானவை. உங்கள் வாகனத்துக்கு எது என்பதை அதன் கையேட்டிலேயே பார்க்க வேண்டும்.

எல்லா நிறுவனங்களும் ஒன்றுபடும் நிபந்தனை, வாகனம் சமதரையில் நிற்க வேண்டும் என்பதாகும். வன்னி முழுவதும் தட்டையான நிலம்தானே, இதிலென்ன சிரமம் என்று நினைப்பீர்கள். நிலம் தட்டைதான், நாம் காரை நிறுத்தும் இடங்கள் அப்படியல்ல. மழைநீர் வடிவதற்காக ஏ9 வீதியின் ஓரங்கள் சரிவாக அமைக்கப்பட்டுள்ளன. குளக்கட்டுப் பக்கம் நிறுத்தினால் ஒரு பக்கச் சில்லுகள் தாழ்ந்தே நிற்கும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது எங்கள் வீட்டு மணல் முற்றம்: பார்வைக்குப் பாய் விரித்தது போலிருக்கும், ஆனால் பாரமான முன்பக்கம் மணலில் மெல்லப் புதைந்திருக்கும். சம்ப் அகலமானது, ஆழம் குறைந்தது; சிறு சரிவிலேயே ஒயில் ஒருபக்கம் ஒதுங்கி, சென்சர் இருக்கும் பக்கத்தைப் பொறுத்து மட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். எரிபொருள் நிலையத்தின் கொங்கிறீற் தளமே இதற்கு எளிதில் கிடைக்கும் நல்ல இடம். மாங்குளத்திலோ பரந்தனிலோ பெற்றோல் அடிக்க நிறுத்தும்போது எஞ்சினும் சூடாகத்தான் இருக்கும். பெற்றோல் அடித்து முடித்து, பம்பிலிருந்து விலக்கி, வரிசைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுக்கிய பின்னர் அளந்துகொள்ளலாம்.

நான் அதிகம் அஞ்சுவது ஒயில் குறைந்த கார்களைப் பற்றியல்ல, அவசரத்தில் அளவுக்கு மேல் ஒயில் விடப்பட்ட கார்களைப் பற்றி. நிகழ்வது பெரும்பாலும் இப்படி: ஓமந்தையைக் கடக்கும்போது, ஒயில் மட்டம் குறைந்ததைச் சொல்லும் மஞ்சள் எச்சரிக்கை எரிகிறது. சாரதி பொறுப்புள்ளவர், புளியங்குளத்தில் நிறுத்தி ஒரு லீற்றர் ஒயில் வாங்கி விடுகிறார். எஞ்சினை இயக்கிப் பார்த்தால் திரை இன்னும் பழைய அளவையே காட்டுகிறது. போதவில்லை என்று இன்னொரு லீற்றர் விடுகிறார். திரை புதிய அளவை எடுக்க இன்னும் ஓட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. இவ்வகைக் கார்கள் பலவற்றில் ஆகக் குறைந்த குறிக்கும் ஆகக் கூடிய குறிக்கும் இடையிலான வித்தியாசமே ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். இரண்டாவது லீற்றர் முழுவதும் மிகை. அந்த மிகை ஒயிலைச் சுழலும் கிராங் தண்டு அடித்து நுரையாக்கும், நுரைத்த ஒயிலில் காற்று கலந்திருப்பதால் அழுத்தம் தளரும், காற்றோட்டக் குழாய் வழியே ஒயில் உள்ளிழுக்கப்பட்டு எரிந்து நீலப் புகையாகும், சீல்கள் கசியும், காலப்போக்கில் புகைபோக்கியிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரும் கெடும். ஒயில் வாங்கிக் கொடுத்த பணத்தைப் போல் எத்தனையோ மடங்கு இதற்குச் செலவாகும்.

எனவே மஞ்சள் எச்சரிக்கைக்கு முதலில் அரை லீற்றர் மட்டும் விட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு ஓடி, சமதரையில் மறுபடி அளந்து, தேவையானால் மீதியை விடுங்கள். ஒயில் மாற்றிய நாளில் இந்த அவதானம் இன்னும் முக்கியம். மாற்றிய கையோடு திரையை நம்பி ஊற்றக்கூடாது. அந்த எஞ்சினுக்குப் பில்டருடன் எவ்வளவு கொள்ளும் என்பதை அறிந்து, அளவுக் குவளையால் அளந்தே ஊற்ற வேண்டும். பீ.எம்.டபிள்யூவின் என்52 எஞ்சின் 6.5 லீற்றர் கொள்ளும், என்20 எஞ்சின் 5 லீற்றர் கொள்ளும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு கார்களில் இவ்வளவு வேறுபாடு இருக்கக்கூடும். அளவுக்கு மேல் விட்டுவிட்டோம் என்று தெரிந்தால் காரை ஓட்டி வராதீர்கள். சம்ப் ஆணியைத் தளர்த்தியோ, உறிஞ்சு பம்பினாலோ மிகையை எடுத்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.

மஞ்சளும் சிவப்பும் ஒரே எச்சரிக்கையின் இரண்டு படிகள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. மஞ்சள் மட்டத்தைப் பற்றியது, இடம் பார்த்து நிறுத்த அவகாசம் தருவது. ஒயில் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு, ஒயிலின் அழுத்தத்தைப் பற்றியது. அதை எரியச் செய்வது வேறொரு சுவிச். சம்ப்பில் ஒயில் நிறைந்திருந்தாலும் பம்ப் பழுதானாலோ உறிஞ்சும் வலை அடைத்தாலோ சிவப்பு எரியலாம். சிவப்பு எரிந்தால் அடுத்த சந்திவரை, அடுத்த கராஜ்வரை என்ற பேச்சே கூடாது. வீதியோரத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, கட்டி இழுத்துவரவோ ஏற்றிவரவோ ஒழுங்கு செய்யுங்கள். காட்டுப் பகுதியில் இரவில் நிற்க நேர்வது சங்கடம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழுத்தமில்லாமல் ஓடும் எஞ்சினின் பெயரிங்குகள் சில நிமிடங்களிலேயே தேய்ந்து பிடித்துவிடும், அதன்பின் அதே காட்டில் அதே இரவில் பழுதான எஞ்சினோடு நிற்க வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன யப்பானிய கார்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அக்குவா போன்ற கார்களில் டாஷ்போட்டில் இருக்கும் சிவப்பு ஒயில் விளக்கு அழுத்த விளக்கு மட்டுமே. “விளக்கு எரியவில்லை, ஆகவே ஒயில் இருக்கிறது” என்று அதை மட்டமானியாகக் கொள்பவர்கள் பலர். அது எரியும்போது ஒயில் ஏறக்குறைய வற்றியிருக்கக்கூடும். அக்குவாவின் எஞ்சினுக்குப் பில்டருடன் மொத்தமே 3.7 லீற்றர்தான், அதில் ஒரு லீற்றர் குறைவது சிறிய குறையன்று. அவர்களுக்குக் கம்பி இருக்கிறது, அதை இழுத்துப் பார்ப்பதே வழி.

மறுபடி கம்பியற்ற கார்களுக்கு வருவோம். சில ஜேர்மன் வாகனங்களில் பொனற்றைத் திறந்து மூடினாலே மட்ட எச்சரிக்கை அணைந்துவிடும். ஒயில் விடப்பட்டிருக்கும் என்று கணினி எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட தூரம் ஓடிய பின்னரே மறுபடி எரியும். “தானாகவே சரிவந்துவிட்டது” என்று சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பொனற்றைத் திறந்தீர்களா என்பதுதான்.

கசிவையும் இக்கார்களில் கண்ணால் பிடிப்பது கடினம். அடிப்பாகம் முழுவதும் பிளாஸ்ரிக் தட்டுகளால் மூடப்பட்டிருப்பதால் வடியும் ஒயில் தட்டிலேயே தேங்கி நிற்கும், முற்றத்தில் ஒரு துளியும் விழாது. சென்சர் சம்ப்பின் அடியிலேயே பொருத்தப்பட்டிருப்பது இன்னொரு சிக்கல். உயரம் குறைந்த கார்கள் கிரவல் வீதியில், அதிலும் மாரி மழை அரித்துவிட்டுப் போன மதகடிகளில் இறங்கி ஏறும்போது கல் மோதி, அடித்தட்டு பிளந்து, சென்சரின் விளிம்புச் சீல் கசியத் தொடங்குவதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு சேர்விஸின்போதும் அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கும்படி கேளுங்கள். அதைக் கழற்றாமல் “கசிவு இல்லை” என்று சொல்பவரின் சொல்லை ஏற்காதீர்கள்.

நீங்கள் ஒயில் விடாமலேயே மட்டம் ஏறுவதும் நடக்கும். அதைக் கண்டு மகிழக் கூடாது. புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி பொருத்திய டீசல் வாகனங்கள், வடிகட்டியைச் சுத்திகரிப்பதற்காகக் கூடுதல் டீசலைப் பாய்ச்சும். வீட்டுக்கும் சந்தைக்கும் பாடசாலைக்குமாகக் குறுந்தூரமே ஓடும் வாகனத்தில் இச்செயல் முடிவதற்குள் எஞ்சின் நிறுத்தப்பட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து சம்ப்பில் சேர்கிறது. நேரடியாகப் பெற்றோல் பாய்ச்சும் எஞ்சின்களிலும் குறைந்த அளவில் இது உண்டு. குளிரூட்டி நீர் கலந்தாலும் மட்டம் ஏறும். அப்போது ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்நிறப் படிவு தெரியலாம். சென்சர் உயரத்தை அளக்கிறதே தவிர, உள்ளே இருப்பது நல்ல ஒயிலா டீசல் கலந்த ஒயிலா என்பதைக் காட்டாது. மூடியைத் திறந்து மணந்து பார்ப்பது இன்றும் பயன்தரும் சோதனை.

ஒயில் வகையைப் பற்றிச் சுருக்கமாக. வீதியோரக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஏற்ற தடித்த ஒயில். இக்கார்களுக்கு அது உரியதன்று. கையேட்டில் உள்ள தடிப்பு எண்ணும் தயாரிப்பாளரின் அங்கீகாரக் குறியீடும் போத்தலின் பின்புறத்தில் அச்சாகியிருக்க வேண்டும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கி ஒரு லீற்றர் போத்தலைக் காரிலேயே வைத்திருப்பது நல்லது. புதிய கார்கள்கூட ஓரளவு ஒயிலைச் செலவழிக்கும். 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் வரையிலான செலவை இயல்பாகக் கருதும் தயாரிப்பாளர்களும் உண்டு. அந்தக் கணக்கில் கொழும்புக்குப் போய் வந்தாலே மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கியிருக்கும்.

மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைக்க நேர்ந்தால், திரையைப் படம்பிடித்து அனுப்புவது மட்டும் போதாது. எஞ்சின் சூடா குளிரா, ஓடிக்கொண்டிருந்ததா நிறுத்தப்பட்டிருந்ததா, கார் நின்றது எவ்விதத் தரையில், கடைசியாக எப்போது எவ்வளவு ஒயில் விட்டீர்கள், அதன்பின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எரிந்தது மஞ்சளா சிவப்பா என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை தெரிந்தால், இன்னும் அரை லீற்றர் விடுவதா, காத்திருப்பதா, வாகனத்தை ஏற்றிவர ஆள் அனுப்புவதா என்பதைக் கராஜிலிருந்தபடியே எங்களால் தீர்மானிக்க முடியும்.