கிணறும் குழாய் ஸ்பீக்கரும்: ஒரு சின்னப் பெட்டிக்குள் நூறு கிற்றார் அம்ப்

வெள்ளி இரவு மருமகன் போன் எடுத்தான். "மாமா, பெட்டிக்கு அப்டேட் வந்திருக்கு. கனக்கப் புது அம்ப், புது பெடல் எல்லாம் போட்டிருக்கிறாங்கள். வந்து கேட்டுப் பாருங்கோ."

பெட்டி என்று அவன் சொல்வது காலடியில் வைத்து மிதிக்கிற ஓர் உலோகப் பெட்டியை. ஒரு பக்கம் கிற்றாரைச் செருகினால் மறுபக்கம் அம்ப், ஸ்பீக்கர், எக்கோ எல்லாம் சேர்ந்த சத்தம் வரும். உள்ளே அம்பும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. எல்லாம் கணக்கு. சனி காலை போய் மத்தியானம் வரை ஒவ்வொரு மொடலாக, அதாவது ஒவ்வொரு அம்பின் கணக்குப் பிரதியாக, மாற்றி மாற்றிக் கேட்டோம். கடைசியில் எது நல்லது என்று இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியவில்லை. காது களைத்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் இருந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கிற்றார். 90களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை, பற்றரியும் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. டைனமோவுக்குள் சுருள் அசையாது, காந்தம் சுற்றும். சுருளில் மின்சாரம் பிறக்கும். மின்கிற்றாரின் பிக்கப்பும் அதே சங்கதிதான். காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இங்கே காந்தமும் அசையாது, சுருளும் அசையாது. மேலே உள்ள உருக்குத் தந்தி காந்தமேறி நிற்கிறது. அது அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. வெளியே வருவது பெரும்பாலும் ஒரு வோல்ற்றுக்கும் குறைந்த மின்னலை. அந்த அலையைப் பெட்டி செக்கனுக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எண்களோடுதான்.

சரி, அந்த எண்களை என்ன செய்தால் அவை ஒரு பழைய வால்வ் (வெற்றிடக் குழல்) அம்ப் போலக் கேட்கும்? இதை விளங்கிக்கொள்ள இரண்டு பொருள்கள் போதும்: ஒரு கிணறு, கோயில் மரத்தில் கட்டிய ஒரு குழாய் ஸ்பீக்கர்.

கிணற்றுக்குள் குனிந்து கூப்பிடாத பிள்ளை இங்கே இல்லை. மெல்லக் கூப்பிட்டால் மெல்லத் திரும்பி வரும், பலமாகக் கூப்பிட்டால் பலமாக. ஆனால் இரண்டு தடவையும் கிணற்றின் நிறம் ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து கூப்பிட்டால் இரண்டு குரலும் தனித்தனியாக எப்படி வருமோ அதன் கூட்டுத்தான் வரும். கிணறு சில சுருதிகளைத் தூக்கும், சிலவற்றைத் தாழ்த்தும். இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்காது. பொறியியலாளர் இதை நேரியல் என்பார்கள்.

குழாய் ஸ்பீக்கர் வேறு சாதி. திருவிழாக் காலத்தில் விடிய நாலரைக்கு அம்பை அளவாக வைத்தால் பாட்டு ஒழுங்காகக் கேட்கும். யாராவது ஆர்வக் கோளாறில் குமிழை முழுதாகத் திருகினால் சத்தம் கிழியும். பாடினவர் பாடாத கரகரப்பு ஒன்று சேர்ந்து வரும். அம்ப் தரக்கூடிய வோல்ற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அலையின் உச்சி அந்த எல்லையில் முட்டித் தட்டையாகிறது. அலையின் வடிவம் மாறினால் அதற்குள் புதிய சுருதிகள் பிறந்தே தீரும்.

எவை பிறக்கும் என்பது தற்செயல் இல்லை. 110 ஹேர்ட்ஸ் ஸட்ஜம் ஒன்றை மேலும் கீழும் ஒரே அளவாகத் தட்டையாக்கினால் 330, 550 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரும். 330 மேல் பஞ்சமம், 550 அதற்கும் மேலே ஒரு காந்தாரம். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் தட்டினால் 220, 440 என்ற மேல் ஸட்ஜங்களும் சேரும். வால்வ் அம்பின் முதல் கட்டங்கள் இப்படிப் பக்கச் சாய்வுள்ளவை. 'சூடான சத்தம்' என்று கிற்றார்காரர் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து வாசித்தால் இன்னும் சுவாரசியம். 110 ஸட்ஜமும் 165 பஞ்சமமும் கிழியும்போது அவற்றின் வித்தியாசமான 55 பிறக்கிறது. அது கீழ் ஸட்ஜம். அதனால்தான் ரொக் இசையில் சா-பா மட்டும் பிடித்தால் நிலம் அதிர்கிற மாதிரி இருக்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரம் பிடித்துப் பாருங்கள். கிற்றாரின் கட்டையில் அது 138.6, வித்தியாசம் 28.6. இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜம் 27.5. கிட்ட வந்து பிசகுகிறது. இப்படிப் பிசகியவை பல ஒன்றோடொன்று மோதும்போது சத்தம் ஒடியற் கூழ் ஆகிவிடும். கூழாவது ருசி.

வால்வ் அம்ப் என்பது கிணறும் குழாய் ஸ்பீக்கரும் மாறி மாறி அடுக்கிய ஒரு சங்கிலி. ஒரு வடிகட்டி, ஒரு கிழிப்பு, இன்னொரு வடிகட்டி, இன்னொரு கிழிப்பு, கடைசியில் ஸ்பீக்கர். மொடல் செய்கிறவருடைய வேலை அந்தச் சங்கிலியைக் கணக்கில் கட்டுவது. கிழிப்பை எழுதுவது முதற்பார்வைக்கு எளிது: சிறிய எண்ணை அப்படியே விட்டு, பெரிய எண்ணை வளைத்து அமுக்குகிற ஒரு வளைகோடு போதும். ஆனால் அது மட்டும் போட்டால் பொம்மைச் சத்தம்தான் வரும். உண்மையான அம்புக்கு ஞாபகம் உண்டு. சற்றுமுன் எவ்வளவு பலமாக அடித்தோம் என்பதை அதன் கொள்ளளவிகள் மின்னேற்றமாக வைத்திருக்கின்றன. வீட்டில் கிணற்று மோட்டரைப் போட்டால் லைட் ஒருமுறை மங்கி நிமிரும் அல்லவா? பழைய அம்பில் தந்தியை ஓங்கி அடித்தால் உள்ளே வோல்ற்றளவு அதேபோல இறங்கி மெல்ல ஏறும். சத்தம் ஒரு கணம் அமுங்கிப் பிறகு மலரும். வாசிக்கிறவர் இதைக் காதால் கேட்பதைவிட விரலால்தான் உணர்வார். நல்ல மொடல் தடை, கொள்ளளவி, வால்வ் ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, செக்கனுக்கு 48,000 தடவையோ அதைவிடக் கூடவோ அவற்றைத் தீர்த்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வழி, சுற்றைத் திறந்தே பார்க்காமல் செய்வது. உண்மையான அம்புக்குள் ஒரு சோதனைச் சத்தத்தை அனுப்பி, வெளியே வருவதைப் பதிந்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பிரதி எடுப்பது. 2011இல் வந்த கெம்பர் என்ற கருவி இந்த வழியைப் பிரபலமாக்கியது. இப்போது நரம்பு வலையமைப்புகள், அதாவது உதாரணங்களிலிருந்து தாமே கற்கும் கணினி நிரல்கள், இதைச் செய்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் நியூரல் அம்ப் மொடலரின் வழக்கமான அமைப்பு, பேச்சுக் குரலை உண்டாக்க கூகுளின் டீப்மைண்ட் 2016இல் வெளியிட்ட வேவ்நெட்டின் வழியில் வந்தது. ஒரு குறை உண்டு. இப்படி எடுத்த பிரதி பொதுவாக ஒரு புகைப்படம். குமிழ்கள் அன்று எங்கே நின்றனவோ அங்கேதான் நிற்கும். பெட்டியில் பிறகு கெயினை (பெருக்கத்தின் அளவை) திருகினால் மாறுவது உள்ளே போகும் அளவுதான், அந்த அம்பின் உண்மையான கெயின் குமிழ் அல்ல. சமன்பாட்டு மொடலில் குமிழ் குமிழாகவே வேலை செய்யும்.

எண்ணாக்கியதால் மட்டும் வருகிற ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். 48,000 தடவை அளக்கும் பெட்டிக்கு 24 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் பிடிக்க முடியாது. கிழிப்போ அதற்கு மேலேயும் சுருதி உண்டாக்கும். 5 கிலோஹேர்ட்ஸின் ஏழாம் மடங்கு 35. அது மறைந்து போகாமல் மடிந்து 13 கிலோஹேர்ட்ஸாக வந்து நிற்கும். சினிமாவில் காரின் சில்லு பின்னுக்குச் சுற்றுவது போலத் தெரிவதும் இதே ஏமாற்றுத்தான். அப்படி வரும் 13, வாசித்த ஸ்வரத்துக்கு எந்த உறவும் இல்லாத பிசிறு. அதனால் கிழிப்பு நடக்கும் இடத்தில் மட்டும் பெட்டி எட்டு மடங்கு வேகமாகவோ இன்னும் வேகமாகவோ கணக்குப் போட்டு, மேலே உள்ளதை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பி வருகிறது. இத்தனைக்கும் ஆகும் தாமதம் இரண்டு மூன்று மில்லிசெக்கன். நம்மூர் வெக்கையில் சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். ஆகவே மூன்று மில்லிசெக்கன் என்றால் அம்பிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமம். அதைக் குறை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் விரலின் தாமதத்தைச் சொல்லுகிறார்கள்.

இப்போது மருமகனுடைய குழப்பத்துக்கு வருவோம். அவன் அம்ப் அம்பாக மாற்றிக் கேட்டான். நான் சொன்னேன், "அம்பை விடு, பொக்ஸை மாற்று." பொக்ஸ் என்றால் ஸ்பீக்கரைப் பூட்டியிருக்கும் பெட்டி. கிற்றார் ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும்; கிழிப்பு உண்டாக்கும் முட்கள் எல்லாம் அங்கேதான் சிராய்க்கப்படுகின்றன. பெட்டியில் அந்த ஸ்பீக்கர் மொடலை மட்டும் அணைத்துப் பாருங்கள், தகர டப்பாவுக்குள் வண்டு பிடித்துவிட்ட மாதிரி இருக்கும். சரித்திரத்திலும் சாட்சி உண்டு. 1962இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45 அம்ப், ஃபென்டர் பாஸ்மன் என்ற அம்பின் சுற்றைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. பாஸ்மனில் பின்பக்கம் திறந்த பொக்ஸில் நாலு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர். மார்ஷலுக்கோ மூடிய பொக்ஸில் நாலு 12 அங்குல செலெஸ்ஷன். வால்விலும் சில மாற்றங்கள் இருந்தன, உண்மைதான். ஆனாலும் ஏறத்தாழ ஒரே சுற்று இரண்டு வேறு உலகமாகக் கேட்டதில் பெரும்பங்கு அந்த ஸ்பீக்கர் பொக்ஸுக்குத்தான் என்பது என் முடிவு.

பொக்ஸ் மொடல்தான் எல்லாவற்றிலும் எளிது, ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரு கிணறு. கிணற்றின் மேல் ஒரு தடவை கைதட்டி, திரும்பி வருவதைப் பதிந்தால் கிணற்றின் குணம் முழுதும் அந்தப் பதிவில் இருக்கும். எந்தச் சத்தத்தையும் சின்னச் சின்னக் கைதட்டல்களின் வரிசையாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிவை அளவுக்கேற்பப் பெருக்கி, இடம் தள்ளி வைத்துக் கூட்டினால் அந்தச் சத்தம் கிணற்றுக்குள் போய்விடும். ஸ்பீக்கருக்கும் அதே கணக்கு. கைதட்டலுக்குப் பதில் கீழிருந்து மேலேறும் ஒரு சுருதியைப் பயன்படுத்துவார்கள், அவ்வளவுதான். பதிவின் நீளம் பலவேளை 2048 எண்கள், அதாவது 43 மில்லிசெக்கன். இருபது அடியில் தண்ணீர் கிடக்கும் கிணற்றில் சத்தம் போய்வர 35 மில்லிசெக்கன் ஆகும். ஒரு தடவை போய்வர மட்டும்தான் காணும். மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் விலக்கினால் இந்தப் பதிவு மாறும். பத்து அம்ப் மாற்றியும் வராத வித்தியாசம் அதில் வரும்.

பெயர்களில் மயங்க வேண்டாம் என்றும் சொன்னேன். வியாபாரப் பெயர் வழக்குக்குப் பயந்து எல்லாரும் புனைபெயர்தான் வைக்கிறார்கள். லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் பெட்டியில் வொக்ஸ் ஏசி30 அம்புக்குப் பெயர் எசெக்ஸ் ஏ30. வொக்ஸ் பிறந்ததோ கென்ட் மாகாணத்து டார்ட்ஃபோர்டில். எசெக்ஸ் தேம்ஸ் ஆற்றுக்கு அந்தக் கரை.

காது ஏன் களைத்தது என்பதற்கு வேறு காரணம். புது மொடல் ஒன்று சற்று உரத்து வந்தால் மூளை அதை 'நல்லது' என்று எழுதிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிடுவது வீண் வேலை. அளவு குறையும்போது காது தாழ்ந்த சுருதிகளைத்தான் முதலில் கைவிடும் என்று ஃபிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். இதை நான் படித்தது பிறகு, பட்டது முதலில். ஒரு திருவிழா இரவுக்காக வீட்டில் ஹெட்போனில் மெல்ல வைத்து அழகான சத்தம் ஒன்று செய்துகொண்டு போனேன். மேடையில் பெரிய பொக்ஸ்களில் அது பாடகரின் குரலை விழுங்கியது. இரண்டாம் பாட்டிலேயே கிற்றாரை இறக்கிவிட்டார்கள், நியாயம்தான்.

எஃபெக்ட் மொடல்களில் எனக்குப் பிடித்தது பழைய அனலொக் டிலே, அதாவது சத்தத்தைத் தாமதித்து எக்கோ ஆக்கும் பெடல். 1969இல் பிலிப்ஸில் கண்டுபிடித்த வாளி வரிசைச் சுற்று அதன் உயிர். ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல, மின்னேற்றம் ஒரு கொள்ளளவியிலிருந்து அடுத்ததற்குப் போகும். 4096 கட்டங்கள் கொண்ட ஒரு சிப்பில் கடிகாரம் செக்கனுக்கு 10,000 தடவை தட்டினால், ஒரு தட்டுக்கு இரண்டு கட்டம் நகர்வதால், 205 மில்லிசெக்கன் தாமதம் கிடைக்கும். தாமதம் கூட வேண்டுமென்றால் கடிகாரத்தை மெதுவாக்க வேண்டும், அப்போது உச்சச் சுருதிகளை வெட்ட வேண்டும். ஆகவே எக்கோ நீள நீள மங்கலாகும். சுற்றின் இயலாமை அது. இன்றைய பெட்டி அந்த இயலாமையைப் பாடுபட்டுக் கணக்குப் போட்டுத் தருகிறது.

எல்லாம் கேட்டுவிட்டு மருமகன் எழும்பிப் போனான். திரும்பி வரும்போது கையில் பிறந்தநாளுக்கு ஊதி மிஞ்சிய ஒரு பலூன். போனை வாளிக்குள் வைத்துக் கப்பியில் பாதிக் கிணறு வரை இறக்கினான். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், போன் என்னுடையது. அவன் பலூனைக் குத்தினான். பதிவைக் கணினியில் ஏற்றி, முழு நீளத்தையும் எடுத்துக்கொள்ளும் ரிவேர்ப் (எதிரொலி) நிரல் ஒன்றில் போட்டு, கிற்றாரைச் செருகி ஒரு ஸட்ஜம் தட்டினான்.

குசினிக்குள் இருந்து அம்மா எட்டிப் பார்த்தா. "ஆரடா கிணத்துக்குள்ள?"