மேடைக்கு வாங்கிய நாடகத்தை டிவிக்கு எடுக்கலாமா?

போன மழைக்காலத்தில் குன்னூரிலிருந்து ஒருவர் உதகையில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். திருவிழா மேடைகளுக்கு நாடகம் எழுதுவார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து பாலிதீன் பையில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மேடையில் கைதட்டல் வாங்கிய நாடகம் அது. கடைசிக் காட்சியில் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காலிக் கொழுந்துக் கூடையை மகன் காலடியில் போடுவாள். அதையே வானொலிக்கு மாற்றியபோது தகரக் கூரையில் மழை, கூடை விழும் சத்தம், அப்புறம் ஒரு இருமல் என்று எழுதியிருந்தார். வசனம் அதிலும் இல்லை. சட்டப் புத்தகத்தை மறந்து கொஞ்ச நேரம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். மேடையில் போடுகிறோம் என்று நாடகத்தை வாங்கிப்போன ஒரு குழு, அதை டிவி தொடராக எடுத்துவிட்டது. கேட்டால், 'பணம் வாங்கிட்டீங்களே' என்ற பதில். இருந்த ஒரே காகிதம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது: 'நாடகத்துக்காகப் பெற்றுக்கொண்டேன்.'

பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் (காப்புரிமை என்று பலர் சொல்வது பேடன்ட், அது வேறு) மேடையில் நடிப்பதும் வானொலியில் ஒலிபரப்புவதும் படமாக எடுப்பதும் தனித்தனி உரிமைகள். 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்தப் பகுதி என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். அதனால் 'சகல உரிமைகளும்' என்ற வார்த்தையைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

கதையை டீக்கடையில் வாயால் சொல்லிவிட்டு, 'திருடிட்டாங்க' என்று வருபவர்களும் உண்டு. வெறும் கருவுக்குப் பாதுகாப்பு இல்லை. டில்லியில் ஆர்.ஜி. ஆனந்த் தன் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத்தான் 'நியூ டெல்லி' என்று படமாக்கிவிட்டார்கள் என வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1978-இல் கருப்பொருள் ஒன்றாக இருந்தால் போதாது என்று சொல்லிவிட்டது. எழுதி வைத்த காட்சியும் வசனமும்தான் செல்லும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்து வைத்தால் தகராறு வரும்போது சாட்சியாகக் கை கொடுக்கும்.

வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 62-ஆம் பிரிவு, எழுத்தாளர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க இடம் தருகிறது.

இவர் விஷயத்தில் அதுவரை போகவில்லை. நோட்டீஸ் போனதும் பேசித் தீர்த்துக்கொள்ள வந்தார்கள். தொகையில் அவர் பெரிதாகப் பிடிவாதம் பிடிக்கவில்லை. டைட்டிலில் தன் பெயர் வர வேண்டும் என்பதில்தான் நின்றார். உரிமையை விற்ற பிறகும் அதைக் கேட்க 57-ஆம் பிரிவு இருக்கிறது.

பெயர் வந்த அன்று இரவு போன் செய்தார். 'இனிஷியலைத் தப்பாப் போட்டுட்டாங்க சார். இதுக்கும் ஒரு நோட்டீஸ் விடலாமா?'