படலையில் நிற்கும் பிள்ளை

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியில் போகிற வழியில் ஒரு முன்பள்ளி. வருடத் தொடக்கம். மூன்றரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று அம்மம்மாவின் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி படலையிலேயே நின்று அழுதது. "சரியான பிடிவாதம் ரீச்சர்" என்றார் அம்மம்மா வெட்கத்தோடு. ஆசிரியை பிள்ளையை இழுக்கவில்லை. "பரவாயில்லை அம்மா, நீங்களும் உள்ளுக்கு வாங்கோ" என்று வேப்பமரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டார்.

அவர் செய்தது சரி. ஏன் சரி என்பதை ஜோன் போல்பி என்ற பிரித்தானிய மனநல மருத்துவர் விளக்கியிருக்கிறார். பயம் வந்தால் தன்னைக் காப்பவரிடம் ஒட்டிக்கொள்வது மனிதக் குஞ்சு உயிர் தப்புவதற்காகப் பிறப்போடு கொண்டுவந்த குணம். பயம் தணிந்தால் அதே பிள்ளை இறங்கிப்போய் உலகத்தைத் தடவிப் பார்க்கும். இரண்டும் தராசுத் தட்டுகள் மாதிரி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பயந்து நிற்கிற பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்க முடியாது.

போல்பியோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வேர்த் 1950களில் உகண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். அப்புறம் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ஒரு சோதனை செய்தார். ஒரு வயது கடந்த குழந்தையைப் புதிய அறையில் விட்டுவிட்டுத் தாய் சில நிமிடம் வெளியே போவார், பிறகு திரும்பி வருவார். தாய் போகும்போது எவ்வளவு அழுகிறது என்பதை விட, வந்ததும் என்ன செய்கிறது என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. பிணைப்பு உறுதியான குழந்தை ஓடிவந்து ஒட்டி, ஆறி, மறுபடி விளையாடப் போகும். சில குழந்தைகள் அழாமல், தாயைத் திரும்பியும் பார்க்காமல் இருந்தன. பிற்காலத்தில் இதயத்துடிப்பை அளந்தபோது, அமைதியாகத் தெரிந்த அந்தக் குழந்தைகளும் உள்ளுக்குள் பதறிக்கொண்டுதான் இருந்தன என்று தெரிந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "என்ர பிள்ளை அழவே இல்லை, நல்ல பிள்ளை" என்று நம் ஊர்களில் பெருமையாகச் சொல்வார்கள். சில பிள்ளைகள் இயல்பிலேயே அமைதிதான். ஆனாலும் மூலையில் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு மடி தேவைப்படலாம்.

வன்னியில் 2009இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தாய்மார். அவர்களில் பலருக்கு அந்த வயதில் பற்றிக்கொள்ள ஒரு கை இருக்கவில்லை. இன்றும் தாய் வேலைக்குப் போக, அம்மம்மாவே வளர்க்கும் வீடுகள் ஏராளம். அதில் குறையொன்றும் இல்லை. கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் வெளியான ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவரோடு பிணைப்புக் கொண்டிருந்தன. அம்மம்மாவும் அந்தக் கை ஆகலாம். ரீச்சரும் ஆகலாம்.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை பாயில் வந்து இருந்தது. ஆசிரியை ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாகவும், இன்னும் ஆறைக் கீழே அதே நீளத்திலும் வைத்தார். இரண்டும் ஒன்று என்றது பிள்ளை. கீழ் வரிசையை அகலப் பரப்பியதும், "இதுதான் கூட" என்றது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே கண்டது இதைத்தான். இந்த வயதில் கண் நீளத்தைப் பிடித்தால் எண்ணிக்கை நழுவிவிடும். மக்குத்தனம் என்று திட்டுவது அநியாயம்.

ஆசிரியை திருத்தவில்லை. "சோடி சேர்த்துப் பாப்பமோ?" என்று முதல் இரண்டு கொட்டைகளை மட்டும் சேர்த்துக் காட்டினார். மிச்சத்தைப் பிள்ளை சேர்த்தது. இன்று துணையோடு செய்வதை நாளை தனியே செய்யும் என்றார் பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி. துணையை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைக்கு அந்த ஆளில் நம்பிக்கை வரவேண்டும். படலையில் இழுபட்டு வந்திருந்தால் அந்தக் கொட்டையை அது தொட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ஐந்தாம் நாள் அம்மம்மா ஒளித்துப் போகவில்லை. "சாப்பாட்டு நேரம் வருவன் குஞ்சு" என்று சொல்லி, கையசைத்துவிட்டே போனார். பிள்ளை கொஞ்சம் விசும்பியது. வேப்பமரத்தடிக் கதிரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஆசிரியையின் மடியில் சாய்ந்தபடி புளியங்கொட்டைகளை எண்ணத் தொடங்கியது.