எஷு எப்படிப் பிசாசு ஆனார்?

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் தெய்வங்களில் எஷு பெரிய குறும்புக்காரர். முச்சந்தியிலும் சந்தையிலும் இருப்பவர், நாம் வைக்கும் படையலை மற்றத் தெய்வங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர், அதனால் எந்தச் சாமிக்குப் படைத்தாலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, சிவப்புப் பாமாயில் ஊற்றி.

அவரைப் பற்றி ஒரு கதை. இரண்டு நண்பர்களுக்கு அடுத்தடுத்த வயல், நடுவில் ஒரு பாதை. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் கறுப்புமாக ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு எஷு அந்த வழியே போகிறார். "சிவப்புத் தொப்பி போட்டவர் யாருப்பா?" என்கிறான் ஒருவன். "கண்ணு தெரியலையா, கறுப்புடா அது" என்கிறான் மற்றவன். கடைசியில் கைகலப்பு. வம்பு மூட்டுகிற ஆள்தான், சரி, ஆனால் கடவுளோடு மல்லுக்கு நிற்பவர் இல்லை. அப்படி ஒரு பதவியே யொரூபா மரபில் கிடையாது.

பதவி வந்தது மொழிபெயர்ப்பில். சாமுவேல் அஜாயி குரௌத்தர் யொரூபாக்காரர். 1821இல் சிறுவனாக அடிமை வியாபாரிகளிடம் சிக்கி, மறு ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானவர். பைபிளை யொரூபாவுக்குக் கொண்டுவந்ததில் முன்னால் நின்றவரும் அவர்தான். கடவுளுக்கு 'ஒலோருன்' என்ற உள்ளூர்ப் பெயர். ஜெபத்துக்கு 'அதுரா', போதகருக்கு 'அலுஃபா', இரண்டும் அங்கிருந்த முஸ்லிம்கள் ஏற்கெனவே புழங்கியவை (பாதிரியாருக்கு மௌல்வியின் பட்டம்!). பிசாசுக்கு ஒரு சொல் வேண்டுமே, அங்கே எஷு மாட்டிக்கொண்டார்.

சொல் மட்டும் என்றால் ஏட்டோடு போயிருக்கும். 1861இல் லாகோஸ் பிரிட்டிஷ் வசமானது, அப்புறம் எழுத்தும் குமாஸ்தா வேலையும் மிஷன் பள்ளி வழியாக வந்தன, பாட்டி தினமும் எண்ணெய் ஊற்றும் சாமியைப் பேரன் பள்ளியில் பிசாசு என்று எழுத்துக் கூட்டிப் படித்தான்.

அதற்கு முன்னால் எல்லாம் அமைதிப் பூங்கா என்று சொல்ல மாட்டேன், 19ஆம் நூற்றாண்டு முழுக்க யொரூபா அரசுகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. ஆனால் பெரும்பாலும் சாமிக்காக இல்லை. யொரூபாக்கள் குறி கேட்கும் முறைக்கு இஃபா என்று பெயர். அதைச் சொல்லும் பூசாரியான பாபலாவோ, எண்ணெய்ப்பனையின் 16 கொட்டைகளைக் கையில் அள்ளி, 256 அடையாளங்களில் எது விழுகிறது என்று பார்ப்பார். சில சமயம் "இந்தப் பிள்ளை முஸ்லிமாக வளரட்டும்" என்றே குறி வரும். புதுச் சாமி வந்தால் இன்னொரு பாய் விரிக்கிற மதம் அது.

இன்றும் ஒரே வீட்டில் அண்ணன் மசூதிக்கும் தங்கை சர்ச்சுக்கும் போவது யொரூபா நாட்டில் சாதாரணம். பாயை விரித்த பழைய மதத்துக்குத்தான் வீட்டில் இடமில்லை. 2023இல் இலோரின் நகரில் பழைய மரபின் பூசாரி ஒருவர் நடத்தவிருந்த விழாவுக்குச் சில முஸ்லிம் குழுக்கள் கடும் எதிர்ப்புக் காட்டின. அதே ஆண்டு ஆகஸ்டில் லாகோஸ் உட்படச் சில மாநிலங்கள் அந்த மரபின் திருநாளுக்கு விடுமுறை விட்டன. 'எஷு சாத்தான் அல்ல' என்று டிசம்பர் 24இல் ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். யொரூபா பைபிளில் மட்டும் சொல் மாறவில்லை.