குறுக்கே பேசுகிறவரா, கூடவே பேசுகிறவரா?

ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது? தான்யா ஸ்டிவர்ஸ் தலைமையில் ஒரு குழு 10 மொழிகளின் அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து இதை அளந்தது. 2009-இல் வெளியான முடிவின்படி சராசரி இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி. ஜப்பானியர்கள் ஏறத்தாழ இடைவெளியே விடுவதில்லை. டேனிஷ் பேசுகிறவர்கள் அரை விநாடியை நெருங்குகிறார்கள்.

இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. ஒரு படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒற்றைச் சொல் வாய்க்கு வரவே சுமார் 600 மில்லி விநாடி ஆகும். பிறகு எப்படி 200-இல் பதில் வருகிறது? எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் எங்கே நிறுத்துவார் என்று ஊகித்து நாம் பதிலைத் தயாரித்துவிடுகிறோம். குரல் இறங்குவது, கடைசி அசை இழுபடுவது, வாக்கியத்தின் போக்கு என்று ஊகிக்கக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. கேட்டுக்கொண்டிருப்பவர் சும்மா இருப்பதே இல்லை.

ஊகம் இருக்கிற இடத்தில் பிசகும் இருக்கும். யாருடைய பிசகு, ஏன் என்பதைத் தேடிப் போனவர் அமெரிக்க மொழியியலாளர் டெபோரா டேனன். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர், நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கான தரவு ஒரே ஒரு விருந்து. 1978 நவம்பரில், கலிஃபோர்னியாவில், நன்றி நவிலும் நாளன்று ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். டேப் ரெக்கார்டர் 2 மணி 40 நிமிடம் ஓடியது. டேனனையும் சேர்த்து மூவர் நியூயார்க்கில் வளர்ந்தவர்கள், இருவர் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள், ஒருவர் லண்டன் பெண்.

நியூயார்க் மூவரும் படபடவென்று பேசினார்கள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார், ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்விகளை வீசினார்கள். அவர்களுக்குள் இது சிக்கலே இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை, குறுக்கே வந்த கேள்விக்குப் போகிற போக்கில் பதில் சொல்லிவிட்டுத் தன் கதையைத் தொடர்ந்தார், இல்லையென்றால் கேள்வியைக் கண்டுகொள்ளாமல் மேலே போனார். ‘உன் பேச்சில் எனக்கு ஆர்வம் இருக்கிறது’ என்பதுதான் அந்தச் சத்தத்தின் அர்த்தம். அதே கேள்வி மற்ற மூவரில் ஒருவரிடம் போனபோது அவர் தயங்கினார், பாதியில் நின்றார், விசாரிக்கப்படுகிறவரைப் போல ஒற்றை வரியில் பதில் சொன்னார்.

டேனன் செய்த நல்ல காரியம், பதிவை விருந்தினர்களுக்கே போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்டது. ஒரே மேசை, ஒரே மாலை. ஆனால் நியூயார்க் ஆட்களே பேச்சை ஆக்கிரமித்துக்கொண்டார்கள் என்பது மற்றவர்களின் எண்ணம். வாய்ப்பு இருந்தும் இவர்கள் ஏன் பேசவில்லை என்பது எதிர்த்தரப்பின் வியப்பு.

இதற்குள் ஒரு சுழல் இருக்கிறது. வேகமாகப் பேசுபவருக்குச் சின்ன மௌனம்கூடச் சங்கடம், உடனே நிரப்பிவிடுவார். மெதுவாகப் பேசுபவர் தனக்குப் பழகிய அளவு இடைவெளிக்காகக் காத்திருப்பார், அது வராது. அவர் அடங்க அடங்க, இவர் ‘பாவம், பேச ஆளில்லை’ என்று இன்னும் அதிகம் பேசுவார். ஒருவர் நடத்தை மற்றவரின் எதிர்மாறான நடத்தையைத் தூண்டி, இருவரையும் தத்தம் எல்லைக்குத் தள்ளும் இந்தப் போக்கை நியூ கினியின் இயாட்முல் மக்களிடையே ஆய்வு செய்த கிரகரி பேட்சன் 1930-களிலேயே விவரித்திருந்தார். டேனன் அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்.

அலுவலகத்தில் இதோடு பதவியும் சேர்ந்துகொள்கிறது. 1990-களில் அமெரிக்க நிறுவனங்களில் டேனன் கவனித்த ஒரு நிகழ்வு: ஒரு மேலாளர் தன் கீழ் வேலை பார்ப்பவரின் ரிப்போர்ட்டில் நன்றாக இருந்தவற்றை முதலில் பாராட்டினார், பிறகு மாற்ற வேண்டியவற்றைச் சொன்னார். திருத்தி வந்த ரிப்போர்ட்டில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. மேலாளருக்குப் பாராட்டு மனம் நோகாமல் இருக்கப் போட்ட முன்னுரை. கேட்டவருக்கோ அதுதான் தீர்ப்பு, மீதி எல்லாம் சில்லறை. தன்னை ஏமாற்றிவிட்டதாக அவருக்குக் கோபம் வேறு.

சுற்றி வளைத்துப் பேசுவதைத் தன்னம்பிக்கை இல்லாததன் அடையாளம் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்வதுண்டு. டேனன் அதை ஏற்பதில்லை, எனக்கும் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. முதலாளி ‘இங்கே கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறதே’ என்றால் யாராவது எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள். அதிகாரம் இருப்பவருக்குக் குறிப்பே போதும். கீழே இருப்பவர் கொடுக்கும் குறிப்புதான் காற்றில் போய்விடுகிறது. 1982 ஜனவரி 13 அன்று, கொட்டும் பனியில், வாஷிங்டனிலிருந்து ஏர் ஃப்ளோரிடா விமானம் கிளம்பக் காத்திருந்தது. இறக்கையில் பனி சேர்வதைப் பற்றித் துணை விமானி பேச்சுவாக்கில் பல தடவை சொன்னார். ஓடுபாதையில் கருவிகள் காட்டிய அளவைப் பார்த்து, ‘இது சரியாகப் படவில்லையே?’ என்றார். ‘சரிதான்’ என்றார் கேப்டன். ‘கிளம்ப வேண்டாம், நிறுத்துங்கள்’ என்ற வாக்கியம் கடைசிவரை வரவில்லை. விமானம் பாலத்தில் மோதிப் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தார்கள். விமானி அறை உரையாடல்களை ஆராய்ந்த சார்லட் லிண்டி, மென்மையாக்கிச் சொல்லப்பட்ட யோசனைகளே அதிகம் கவனிக்கப்படாமல் போயின என்று கண்டார். கேப்டனிடம் நேராகச் சொல்லவும், கேப்டன் அதைக் காதில் வாங்கவும் பழக்குவது இன்று விமானக் குழுப் பயிற்சியில் ஒரு பகுதி.

வீட்டில் முடிச்சு வேறு மாதிரி. 2000-களின் தொடக்கத்தில் டேனனும் ஷாரி கெண்டலும் நடத்திய ஆய்வில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் நான்கு அமெரிக்கக் குடும்பங்கள் பங்கேற்றன. ஒரு வாரத்துக்குக் குறையாமல், பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு ரெக்கார்டரோடு வீட்டிலும் அலுவலகத்திலும் நடமாடினார்கள். ‘எங்கே போகிறாய், எப்போது வருவாய்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அது அதிகாரமா, அக்கறையா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தப்பு என்பது டேனனின் வாதம். அக்கறை இருப்பதால்தான் கேட்கிறார். கேட்பதால் பதில் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. கேட்டவர் காதில் அக்கறை மட்டும் விழுகிறது, கேட்கப்பட்டவர் காதில் அதிகாரம்.

இந்தப் பதிவுகளில் வீட்டு நாய்களும் உரையாடலில் ஒரு தரப்பாக வருகின்றன. பொம்மைகளை எடுத்து வைக்காத மகனை ஒரு தாய் நேரடியாகத் திட்டாமல், நாய்கள் பேசுவதுபோலக் கீச்சுக்குரலில் அவனைக் கண்டிக்கிறார். வேறொரு ஜோடியின் கதையும் டேனன் கட்டுரையில் உண்டு. சண்டை நடுவே ஆண் சட்டென்று நாயின் பக்கம் திரும்பி, குழந்தைக் குரலில், ‘அம்மா இன்றைக்கு ரொம்ப மோசம், நீ இங்கே உட்கார்ந்து என்னைக் காப்பாத்து’ என்கிறார். அவர் 6 அடி 4 அங்குலம், சுமார் 130 கிலோ. அவள் 5 அடி 2 அங்குலம். நாய் நாலரைக் கிலோ. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகார் புகாராகவே போய்ச் சேர்ந்தது, ஆனால் அதைச் சொன்னது அவர் இல்லை என்ற பாவனை இருவருக்கும் இறங்கி வர வழி கொடுத்தது.

டேனன் பரவலாகப் பேர் வாங்கியது ஆண் பேச்சு, பெண் பேச்சு என்று பிரித்துக் காட்டியதில். என் பார்வையில் அவருடைய பலவீனமான பகுதியும் அதுதான். மொழியியலாளர் டெபோரா கேமரன் போன்றோர் இந்தப் பிரிவினையைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். இன்னொரு புறம், 1975-இல் வெஸ்ட், ஜிம்மர்மன் இருவரும் ஆண்–பெண் உரையாடல்களில் எண்ணிய 48 குறுக்கீடுகளில் 46 ஆண்களுடையவை. அந்த எண் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1993-இல் ஜேம்ஸ், கிளார்க் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. இங்கே டேனனின் பழைய விருந்துப் பதிவு உதவுகிறது. இரு குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதை இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அது குறுக்கீடா, கூடப் பேசுவதா என்று முடிவு செய்ய, பேசிக்கொண்டிருந்தவரிடம் பதிவைப் போட்டுக்காட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.