கரண்ட் வந்ததும் கணக்கு ஏன் இரட்டிப்பாகிறது?

தைப்பூசக் காவடி நெருங்கும் நேரம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் ஒருவர் கோயில் அன்னதானத்துக்கு மொபைல் ஆப்பில் 200 ராண்ட் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு. சக்கரம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'இணைப்பு இல்லை' என்கிறது திரை. மறுபடி அழுத்துகிறார். மாலையில் பார்த்தால் வங்கிக் கணக்கில் 400 ராண்ட் குறைந்திருக்கிறது. செர்வர் லாகில் (மையக் கணினியின் பதிவேட்டில்) தேடினால் ஒரு பிழையும் அகப்படாது. வந்த இரண்டு கோரிக்கைகளையும் அது ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது என்ற செய்தி) வந்தால் வேலை நடக்கவில்லை என்று எண்ணுவதில்தான் கோளாறு. கோரிக்கை போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். வேலை முடிந்தபின் பதில் தொலைந்திருக்கலாம். போனிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டவர் பாட்டரி தீரும் வேளையில் இரண்டுமே நடக்கும்.

ஆகவே பட்டனை அழுத்தியதும், அனுப்புவதற்கு முன்பே, ஆப் ஒரு யூயூஐடி எண்ணை (வேறெதற்கும் வராத தனி அடையாள எண்ணை) உருவாக்கி போனின் சேமிப்பில் எழுதிவிட வேண்டும். எத்தனை முறை ரீட்ரை (மறுமுயற்சி) செய்தாலும் அதே எண்தான் போக வேண்டும். அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே எண்ணை உருவாக்குகிற நிரலை நிறையப் பார்க்கலாம். ஒவ்வொரு ரீட்ரைக்கும் புது எண் போகும். எண் இருந்தும் இல்லாத கதைதான்.

செர்வர் பக்கம் அந்த எண்ணுக்கு யுனீக் கட்டுப்பாடு (ஒரே எண்ணை இரண்டாம் முறை பதிய விடாத விதி) உள்ள டேபிள் வேண்டும். எண்ணும் கணக்குப் பதிவும் ஒரே டிரான்ஸாக்ஷனில் சேர வேண்டும்; சேர்ந்தால் இரண்டும் சேரும், இல்லையென்றால் இரண்டும் சேராது. 'இருக்கிறதா பார், இல்லையென்றால் எழுது' என்று இரண்டு படியாகப் பிரித்தால், 5 மில்லிசெகண்ட் இடைவெளியில் வரும் இரண்டு கோரிக்கைகளுமே 'இல்லை' என்ற பதிலைப் பெற்று இரண்டும் எழுதிவிடும். ரெப்ளிக்காவில் (டேட்டாபேஸின் நகலில்) தேடுவதும் ஆகாது. மூலம் ஜோஹன்னஸ்பர்க்கிலும் நகல் கேப் டவுனிலும் இருந்தால், இடையே சுமார் 1,300 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், போய்வரவே 13 மில்லிசெகண்ட் ஆகிவிடும். சுமை ஏறினால் ரெப்ளிக்கா பல நொடிகள்கூடப் பின்தங்கும்.

அதே எண் மறுபடி வந்தால், முதல் பதிலையே திருப்பிக் கொடுங்கள். எண் அதே, தொகை வேறு என்றால் மறுத்துவிடுங்கள். வெளி பேமென்ட் கேட்வே (வங்கியிலிருந்து பணத்தை எடுத்துத் தரும் சேவை) உங்கள் டிரான்ஸாக்ஷனுக்குள் அடங்காது. முதலில் 'நிலுவை' என்று பதிவு செய்து, அந்த எண்ணையே கேட்வேக்கும் அனுப்பி, பதில் வராவிட்டால் அதனிடம் நிலையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். எண்ணை 24 மணி நேரத்தில் அழிக்காதீர்கள். அணைந்து கிடந்த போன் இரண்டு நாள் கழித்தும் உயிர்பெற்று வரும். 7 நாள் வைத்திருந்தால் நல்லது.

கரண்ட் திரும்பும் நொடியில் இன்னொரு தொல்லை. ஒரு வட்டாரத்தின் 2,000 கார்டு மெஷின்கள் ஒன்றாக எழுந்து, 5 நொடிக்கு ஒருமுறை என ஒரே தாளத்தில் கதவைத் தட்டினால், நல்ல செர்வரும் படுத்துவிடும். இடைவெளியை 1, 2, 4, 8 நொடி என்று கூட்டி 60-இல் நிறுத்துங்கள். அதுவும் போதாது: 8 நொடி என்றால் 0-க்கும் 8-க்கும் இடையே ஏதோவொரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். ஆப், செர்வர், அதன் பின்னால் உள்ள சேவை என்று பல அடுக்கு இருந்தால், ரீட்ரை ஒரே அடுக்கில் இருக்கட்டும். மூன்று அடுக்கும் மும்மூன்று முறை முயன்றால், ஒரு விரல் அழுத்தல் கடைசி அடுக்கில் 27 அழைப்பாகிவிடும்.

எந்தக் கோரிக்கை முந்தியது என்று போனின் கடிகாரத்தை வைத்து வரிசை போட வேண்டாம்; அது தப்பான நேரம் காட்டலாம்.

சோதிப்பது எளிது. டெஸ்ட் செர்வரில், டேட்டாபேஸ் கமிட் (பதிவை உறுதிசெய்வது) முடிந்ததும், நிரலின் அடுத்த வரியிலேயே பதில் அனுப்பாமல் இணைப்பைத் துண்டியுங்கள். ஆப்பை மூடித் திறந்து மூன்று முறை ரீட்ரை செய்யவிடுங்கள். கணக்கில் ஒரே ஒரு பதிவுதான் இருக்க வேண்டும்.